நிலைமொழியைக் கெடுக்காத புணர்ச்சி
(கணினிக் கணக்கில் மாறாமை நெறி)

பழைய மாணவர், பயிற்றப்பட்ட தமிழாசிரியர், நோர்வூட்

கல்லூரி விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எடுத்துக்கொண்டதோ கணினிச் செய்நிரலில் வரும் ஒரு சிறு நெறி. கூட்டல், பெருக்கல் முதலிய குறிகளுக்கு நாமே பொருள் வகுக்கும்போது, கூட்டப்படும் எண்கள் அக்கூட்டலாலேயே மாறிவிடாமற் காப்பது எங்ஙனம் என்பதே அது. இலக்கணம் கற்பிப்பவன் இதனை எழுதத் துணிந்த காரணம் போகப் போக விளங்கும்.

நோர்வூட்டில் என்னிடம் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர் இப்போது பல்கலைக்கழகத்திற் கணினி பயில்கின்றார். அவருடைய அன்னையார் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவர். விடுமுறைக்கு வீடு வந்திருந்த மாணாக்கர், அன்னையார் ஒருநாளிற் பறித்த கொழுந்தைக் கணக்கிடச் சிறு செய்நிரல் ஒன்றைப் பயிற்சிக்காக எழுதினார். மலையகத்தை அறியாத வாசகர் பொருட்டு இங்கு ஒன்று கூறல் வேண்டும். பறித்த கொழுந்தை ஒருநாளில் இரண்டு மூன்று முறை நிறுத்து, ஒவ்வொரு நிறுவையையும் அவரவர் பெயருக்கு நேரே பதிவர். அன்றைக்கு விழுவது முழுப் பேரா, அரைப் பேரா என்பது அந்த எண்களைப் பொறுத்தது. ஆதலின் கொழுந்து பறிப்போர் தத்தம் நிறுவையை மனத்திலே இருத்திக்கொள்வர்.

அன்னையார் சொன்ன நிறுவைகள் காலை 6, நண்பகல் 7, மாலை 5 கிலோ. செய்நிரல் மொத்தம் 18 எனச் சரியாகவே கூறிற்று. அதன்பின் மூன்று நிறுவைகளையும் தனித்தனியே திரையில் இட்டது. அதைப் பார்த்த அன்னையார், “ஏன்யா, காலையில ஆறு கிலோதானே நிறுத்தேன்? இதுல பதினெட்டுன்னு கெடக்கே!” என்றாராம். மாணாக்கர் மீண்டும் ஒருமுறை மொத்தத்தைக் கேட்டார். இம்முறை 30 என வந்தது.

பிழையை அவரே கண்டுபிடித்துத் திருத்தியும்விட்டார். மறுநாள் என் வீட்டுக்கு வந்து தாளை விரித்துக் காட்டி, “கூட்டினது சரி, சேர். ஆனா கூட்டப்பட்டது மாறிப்போச்சு” என்று சொன்னார். அவ்வொரு வாக்கியத்தின் விரிவுரையே இக்கட்டுரை என்க.

ஒரு குறிக்குப் பல பணி

கூட்டற்குறி முழு எண்களுக்கு மட்டும் உரியதன்று. பின்னங்களைக் கூட்டும் முறை வேறு. சிக்கலெண்களைக் கூட்டும் முறை வேறு. 1858 ஆம் ஆண்டில் ஆதர் கெய்லி தாயங்களைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டு, எண்களின் வரிசையொன்றை ஒரே பொருளாகக் கொண்டு கூட்டவும் பெருக்கவும் விதி செய்தார். குறி பழையது, அதற்கு வாய்த்த பணி புதியது. கணித நூலார் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் இவ்வழக்கையே கணினியார் ‘செயற்குறிப் பணிமிகுப்பு’ என்பர். காவி, தாயம், நிறுவை என ஓர் இனத்தை நாமே படைத்து, அவ்வினத்துப் பொருள்கள் இரண்டன் நடுவே கூட்டற்குறி வரின் இன்னது செய்க என நாமே விதிக்கலாம்.

இவ்வுரிமை வழங்கும் மொழிகளுட் புகழ்பெற்றது சி பிளஸ் பிளஸ். டென்மார்க்கிற் பிறந்த பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இதற்கு அடிகோலினார். 1983 இல் இப்பெயர் வாய்த்தது. 1985 இல் மொழி பொதுமக்கள் கைக்கு வந்தது. குறிகளுக்குப் பொருள் வகுக்கும் உரிமையோடு, ஒரு பொருளை ‘மாறாதது’ என அறிவிக்கும் சொல்லொன்றையும் அவர் சேர்த்தார். ‘படிக்க மட்டும்’ என்று பொருள்படும் சொல்லை முதலில் எண்ணியிருந்தவர், பின்னர் ‘கொன்ஸ்ட்’ என்பதைக் கொண்டார். மாறிலி என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கம் அது. 1989 இல் வகுக்கப்பட்ட சி மொழித் தரத்திலும் அச்சொல் இடம்பெற்றது. உரிமையும் காவலும் ஒரே மொழியில் உடன்பிறந்தன எனலாம்.

பொன் என்றும் பொன்னே

என் மாணாக்கர் செய்த பிழை யாது? ‘அ + ஆ’ என்ற இடத்தில், அவர் ஆ என்பதன் எண்ணை அ என்பதனுள்ளேயே சேர்த்து, அந்த அ என்பதையே விடையாகத் திருப்பிவிட்டார். காலையோடு நண்பகலைச் சேர்த்தபோது காலை 13 ஆயிற்று. மாலையையும் சேர்த்தபோது 18 ஆயிற்று. விடை சரியாக வந்ததனாலேயே பிழை மறைந்து நின்றது. அடுத்த முறை கூட்டியபோது 18, 7, 5 என்பன சேர்ந்து 30 ஆயின.

இதனைக் கேட்டபோது எனக்கு நினைவு வந்தது புணரியல். நிலைமொழியும் வருமொழியும் சேருங்கால் இயல்பாகவும் விகாரமாகவும் புணரும் என்றும், விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்றும் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆகும், இஃது இயல்பு. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும், இஃது திரிதல். மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும், இஃது கெடுதல். ஆயினும் பொற்குடம் என்று ஒருமுறை எழுதியதனால் அகராதியில் உள்ள பொன் என்னும் சொல் ‘பொற்’ எனத் திரிந்துவிடுவதில்லை. அடுத்த வரியிற் பொன்மலை என எழுத அது பொன்னாகவே காத்திருக்கின்றது. திரிபெல்லாம் புணர்ந்து வந்த புதுச்சொல்லில் மட்டுமே. புணரச் சென்ற சொற்கள் தம் நிலையிற் பிறழா.

கூட்டற்குறிக்கும் இதுவே இலக்கணம். 2 + 3 என்று கூட்டியபின் 2 இரண்டாகவே இருக்கும். நாம் புதிதாகப் படைத்த இனத்துக்கும் இவ்வியல்பு பொருந்துதல் வேண்டும். படிப்பவர் கூட்டற்குறியைக் கண்டதும் அதன் இருபுறமும் உள்ளவை மாறா என்றே நம்புவர். அந்நம்பிக்கையை எழுத்தில் உறுதிசெய்து, தொகுப்பானைக் கொண்டு காவல் செய்வதே மாறாமை நெறி.

இருபுறமும் காவல்

சி பிளஸ் பிளஸ் மொழியில் ஓர் இனத்தின் உறுப்பாகக் கூட்டற்குறியை எழுதினால், வலப்பொருள் அடைப்புக்குள் வெளிப்படையாகத் தோன்றும், இடப்பொருள் தோன்றாது. எவ்வினப் பொருள்மேற் குறி செயற்படுகின்றதோ அதுவே இடப்பொருள் எனக் கொள்ளப்படும். வருமொழி கண்முன் நிற்க, நிலைமொழி தொக்கு நிற்கின்றது என்க. ஆதலாற் கற்போர் வலப்பொருளுக்குக் கொன்ஸ்ட் எழுதிவிட்டு இடப்பொருளை மறந்துவிடுவர். இடப்பொருளுக்கு உரிய கொன்ஸ்ட், அடைப்பு முடிந்தபின் இறுதியில் எழுதப்படும். ஒருபுறம் மட்டும் எழுதுதல், வீட்டின் முன்கதவைப் பூட்டிப் பின்கதவைத் திறந்து வைத்தல் போலும்.

இம்மறதியின் விளைவு விரைவில் வெளிப்படும். ஒருவர் அலகுத் தாயத்தை மாறிலி என அறிவித்து, அதனோடு வேறொரு தாயத்தைக் கூட்டுகின்றார். மாறிலி வலப்புறம் இருப்பின் தொகுப்பான் ஏற்கின்றது. இடப்புறம் இருப்பின் மறுக்கின்றது. மாறாது எனச் சொல்லப்பட்ட பொருளை, மாற்றமாட்டேன் என உறுதி சொல்லாத குறியிடம் ஒப்படைக்கத் தொகுப்பான் இசையாது. இவ்விடத்திலேதான் இளைஞர் வழுவுவர். மறுப்பினின்று தப்பும்பொருட்டு அலகுத் தாயத்துக்கு இட்ட கொன்ஸ்டை அவர் அழித்துவிடுவர். நோய்க்கு மருந்து அதுவன்று. காவலன் வாயிலில் நிறுத்தினால் உறுதிச்சீட்டைக் காட்ட வேண்டுமேயன்றிக் காவலனை வேலையினின்று நீக்கலாகாது. குறியின் வரையறையிற் கொன்ஸ்டைச் சேர்ப்பதே முறை.

படிக்கும் குறிக்கும் இந்நெறி உரியது. தாயத்தின் ஒரு மூலகத்தைச் சுட்டும் சதுர அடைப்பை இருவகையாக எழுதல் வேண்டும்: மாறும் தாயத்துக்கு, மூலகத்தை மாற்ற இடங்கொடுப்பது ஒன்று, மாறாத் தாயத்துக்கு, படிக்க மட்டும் தருவது மற்றொன்று. முன்னது மட்டுமே இருப்பின், மாறாப் பொருள்களைக் கூட்டப் புகுந்த குறியால் அவற்றின் மூலகங்களைப் படிக்கவும் இயலாது.

பிற மொழிகளின் வழக்கு

பழமையான போர்ட்ரான் மொழி ஜோன் பக்கஸ் தலைமையில் உருவாகி 1957 இல் வெளிவந்தது. அதன் பழைய தொகுப்பான்கள் சிலவற்றில் ஒரு விபரீதம் நேர்ந்ததுண்டு. துணை நிரலொன்றுக்கு 2 என்னும் எண்ணை நேரே கொடுக்க, அந்நிரல் தான் பெற்றதை 3 என மாற்றிவிடின், அதன்பின் செய்நிரலில் 2 வந்த இடத்தும் 3 என்றே பொருள் கொள்ளப்படும். 2 சேமிக்கப்பட்ட இடமே துணை நிரலின் கையிற் கொடுக்கப்பட்டமை காரணம். எண்ணுக்கே நிலையின்மை வந்துற்றது.

பின்வந்தோர் விழித்துக்கொண்டனர். 1983 இல் தரம் பெற்ற அடா மொழி, விடை தரும் சார்புகள் தாம் பெற்றதை மாற்றலாகாது என விதித்தது. குறிகளும் சார்புகளே ஆதலின் அவற்றுக்கும் அது பொருந்திற்று. அடாவில் அக்கட்டு 2012 ஆம் ஆண்டுத் தரத்திலேயே தளர்ந்தது. போர்ட்ரான் 90, குறிகளுக்குப் புதுப்பொருள் வகுக்க இடங்கொடுத்தபோது, அக்குறி பெறும் பொருள்கள் உட்செல்வனவாக மட்டுமே அறிவிக்கப்படல் வேண்டும் என நிபந்தனை இட்டது. சி பிளஸ் பிளஸ் அவ்வாறு கட்டாயம் செய்யவில்லை. சொல்லைத் தந்து, அதைச் சொல்லும் பொறுப்பை எழுதுவோரிடம் விட்டது. ஆகவேதான் நெறி நமக்கு வேண்டியதாயிற்று.

உயர்தர வகுப்பில் நம் மாணவர் பயிலும் பைதன் மொழியில் இத்தகைய காவற்சொல் இல்லை. ஒரு பட்டியலுக்கு இரு பெயர்கள் இருக்க, ஒரு பெயர்வழியே ‘+=’ செய்யின் மற்றப் பெயரிலும் மாற்றம் தோன்றும்; வெறுங் கூட்டற்குறி செய்யின் தோன்றாது. அங்கே காவல் எழுதுபவரின் ஒழுக்கம் ஒன்றே.

எழுதும் முறை

மாற்றும் பணி வேண்டாததன்று. ஆயிரம் வரிசையும் ஆயிரம் நிரலும் கொண்ட தாயம் ஒன்றில் பத்து இலட்சம் எண்கள் உள. ஓர் எண்ணுக்கு 8 பைற்று எனின், ஒரு படி எடுக்க 80 இலட்சம் பைற்று நினைவகம் வேண்டும். ஒவ்வொரு கூட்டலுக்கும் புதுப்படி எடுப்பது பெருங்கணக்கிற் சுமையாம். இச்சுமைக்கு அஞ்சியே சிலர் கூட்டற்குறியினுள் இடப்பொருளை மாற்றிவிடுகின்றனர். அதற்கென வேறு குறி இருக்கின்றது. ‘அ += ஆ’ என்று எழுதும்போது அ மாறும் என்பதைப் படிப்போர் அறிவர்; அது மறைவான மாற்றமன்று. ஆதலின் மாற்ற விரும்பின் ‘+=’ எழுதுக; மாற்றமின்றி விடை வேண்டின் ‘+’ எழுதுக.

அனுபவமுடையோர் கைக்கொள்ளும் முறை பின்வருமாறு. முதலில் ‘+=’ என்பதை இனத்தின் உறுப்பாக எழுதுவர்; அஃது இடப்பொருளை மாற்றும், வலப்பொருளை மாற்றாது. பின்னர் ‘+’ என்பதை இனத்துக்குப் புறம்பான சார்பாக எழுதுவர். அது இடப்பொருளுக்கு ஒரு படி எடுத்து, அப்படியினுள் ‘+=’ கொண்டு வலப்பொருளைச் சேர்த்து, அப்படியையே புது விடையாகத் தரும். இரு பொருள்களும் அடைப்புக்குள் வெளிப்படையாக நிற்றலின், இரண்டுக்கும் கொன்ஸ்ட் எழுத மறக்க இடமில்லை. மற்றொரு நன்மையும் உண்டு. ‘காவி × 2’ என்பதை உறுப்பாக எழுதலாம். ‘2 × காவி’ என்பதற்கு இடப்பொருள் நாம் படைத்த இனமன்று ஆதலின், புறம்பான சார்பே உதவும்.

விடைக்கும் கொன்ஸ்ட் இடலாமோ என்பது அடுத்த வினா. ‘அ + ஆ’ என்னும் விடையினுள் வேறொன்றை ஏற்ற முயல்வது பொருளற்றது. ஒப்பிடும் இரட்டைச் சமக்குறிக்குப் பதிலாக ஒற்றைச் சமக்குறி எழுதிய கைப்பிழையால் அது நேரும். அதனைத் தடுக்க விடையையும் மாறாததாக அறிவிக்குமாறு முன்னர் அறிவுறுத்தினர். 2011 ஆம் ஆண்டுத் தரம், பயன்முடிந்த தற்காலிக விடையின் உள்ளடக்கத்தைப் படியெடாமல் அப்படியே இடம்பெயர்க்க வழிசெய்தது. மாறாதது என அறிவித்த விடையினின்று உள்ளடக்கத்தைப் பெயர்த்தெடுத்தல் இயலாது. மீண்டும் படியெடுக்க நேரும். ஆதலின் அப்பழைய அறிவுரை இக்காலத்துக்கு ஏலாது. நெறியின் கருத்தறிந்து கொள்வதன்றிக் கண்ட இடமெல்லாம் அச்சொல்லைத் தூவுதல் புலமையன்று.

காவலின் எல்லை

இங்ஙனம் எல்லாம் எழுதியபின்னும் அஞ்ச வேண்டிய இடங்கள் இரண்டுள. முதலாவது, தாயம் தன் எண்களைத் தன்னுள் வைத்திராமல், அவை இருக்கும் முகவரியை மட்டும் சுட்டியாக வைத்திருத்தல். அப்போது கொன்ஸ்ட் முகவரியைக் காக்கும். அம்முகவரியில் உள்ள எண்களைக் காவாது. வீட்டிலக்கத்தை மாற்றாதே என்னும் கட்டளை, வீட்டினுள் இருக்கும் பொருளைக் காப்பதில்லை அன்றோ? அவ்விடத்துக் காவலை நாமே செய்தல் வேண்டும்.

இரண்டாவது நுண்மையானது. காவியொன்றின் மூலகங்கள் 2, 4, 6 என்க. அவற்றை முதன் மூலகத்தால் வகுத்து 1, 2, 3 எனப் பெற வேண்டும். ‘/=’ என்னும் குறி, வகுக்கும் எண்ணைப் படியாகப் பெறாமல், அந்த எண் இருக்கும் இடத்தையே சுட்டும் மாற்றுப்பெயராகப் பெறுகின்றது; அதற்குக் கொன்ஸ்டும் எழுதப்பட்டுள்ளது. முதன் மூலகம் 2 ஐ 2 ஆல் வகுக்க, 1 ஆகின்றது. வகுக்கும் எண்ணும் அதே இடத்தில் இருத்தலின் அதுவும் இப்போது 1. எஞ்சிய 4, 6 இரண்டும் 1 ஆல் வகுபட்டு மாறாமல் நிற்கும். விடை 1, 4, 6. தொகுப்பான் ஒரு சொல்லும் சொல்லாது. ஏனெனில் கொன்ஸ்ட் தரும் உறுதி, ‘இப்பெயர்வழியே மாற்றமாட்டேன்’ என்பது மட்டுமே. வேறொரு பெயர்வழியே அப்பொருள் மாறாது என்பதன்று. இதற்கு மருந்து எளிது. தனி எண் போன்ற சிறு பொருளைப் படியாகவே பெறுக. பெரிய பொருளாயின், இடமும் வலமும் ஒன்றாயிருத்தல் கூடுமோ என முன்னரே ஆராய்க.

மாணவர்க்கு

குறியொன்றுக்குப் பொருள் வகுக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்க. இக்குறி இருபுறமும் உள்ளவற்றை மாற்றாது என்பதை எழுத்தில் உறுதி செய்தேனா? மாற்றத்தான் வேண்டுமெனின், மாற்றத்தை வெளிப்படக் காட்டும் குறியை எடுத்தேனா? விடையை மட்டும் பார்த்தேனா, விடை வந்தபின் மூல எண்களையும் மறுபடி பார்த்தேனா? மூன்றாவது வினாவே பெரிது. மொத்தம் சரியாயிருத்தல் கணக்கு சரியென்பதற்குச் சான்றாகாது.

என் மாணாக்கர் திருத்திய செய்நிரலை அன்னையாரிடம் மீண்டும் காட்டினாராம். அவர் மொத்தத்தைப் பார்க்கவில்லை. காலை நிறுவைக்கு நேரே விரலை வைத்து, 6 என இருக்கக் கண்டபின்னரே தலையசைத்தார். நாள்தோறும் கூடை சுமந்து மலையேறி இறங்கிய உழைப்பு அந்த எண்ணிலே பதிந்துளது. அதைக் கூட்டலாம், ஒப்பிடலாம், சராசரி காணலாம். அதனை அழித்து அதன்மேல் எழுதும் உரிமை நம் கணக்குக்கு இல்லை.